வீட்டுக் கணிப்பொறியும் தொலைக்காட்சித் திரையும்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் தனிநபர் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மூளையாக அமைந்த 8088 என்னும் சில்லு வினாடிக்கு 50 இலட்சம் துடிப்புகள் வரை தாங்கக்கூடியது. அதாவது 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஐ.பி.எம். பொறியாளர்கள் அதை 5 மெகாஹெர்ட்ஸில் ஓட்டவில்லை. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஏன் இந்த அரைகுறை எண்? கையிலிருந்த வேகத்தில் ஒரு பங்கை ஏன் வேண்டாமென்று விட்டார்கள்?

இதற்கு விடையைக் கணிப்பொறிக்குள் தேடினால் கிடைக்காது. அக்காலத்து அமெரிக்க வீடுகளின் கூடத்தில் இருந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தேட வேண்டும்.

இன்று நீங்கள் கணிப்பொறியை ஒரு கடையிலும் திரையை வேறொரு கடையிலும் வாங்கி வடத்தால் இணைத்தால் படம் தெரிந்துவிடுகிறது. தன் அகலம் என்ன, உயரம் என்ன, வினாடிக்கு எத்தனை படம் காட்ட இயலும் என்பவற்றையெல்லாம் திரையே கணிப்பொறிக்கு எடுத்துச் சொல்லிவிடுகிறது. இந்த ஏற்பாடு 1990களின் நடுவில் வந்தது. அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் இத்தகைய பேச்சு எதுவும் கிடையாது. திரை எதிர்பார்ப்பதைக் கணிப்பொறி தந்தாக வேண்டும். தராவிட்டால் படம் சரியும், உருளும். சிலவேளை திரைக்கருவியே புகைந்துபோகும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் தன் வீட்டுத் திரையில் ஓடாது என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகே அறிந்து வருந்தியவர்கள் பலர்.

வரி வரியாக ஓர் ஓட்டம்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளே இருந்தது கேதோடு கதிர்க்குழாய். கல்லூரி ஆய்வகத்து அலைகாட்டியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அதே குழாய்தான், உருவில் பெரியது. பின்புறத்திலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை, ஒளிர்பொருள் பூசிய முன்புறக் கண்ணாடியில் மோதும்போது அந்த இடம் ஒளிர்கிறது. கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடும். சட்டென்று இடப்பக்கம் திரும்பும். சற்றுக் கீழே இறங்கி அடுத்த வரியை ஓடும். அமெரிக்க முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். ஆனால் ஒற்றை வரிகளை ஒருமுறையும் இரட்டை வரிகளை ஒருமுறையும் வரைவதால் வினாடிக்கு 60 அரைப்படங்கள் வரும். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் 625 வரிகள், வினாடிக்கு 50 அரைப்படங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது நேரம். அமெரிக்கப் பெட்டியில் ஒரு வரிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 63.5 மைக்ரோ வினாடி. கற்றை திரும்பும் நேரத்தைக் கழித்தால், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு எஞ்சுவது 52 மைக்ரோ வினாடியளவு. அதிலும் திரையின் ஓரங்கள் பெட்டிச் சட்டத்துக்குள் மறைந்துவிடும். எந்தப் பெட்டியில் எவ்வளவு மறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக் கணிப்பொறிகளை வடிவமைத்தவர்கள் எழுத்துகளைத் திரையின் நடுவே வைத்து, சுற்றிலும் வெற்று விளிம்பு விட்டார்கள். அக்காலக் கணிப்பொறிப் படங்களைச் சுற்றி ஒரு வண்ணச் சட்டம் போலத் தெரிவது அலங்காரம் அன்று. பாதுகாப்புக்காக விட்ட இடம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறி ஒரு வரியில் 40 எழுத்துகள் காட்டியது. ஓர் எழுத்துக்கு 7 புள்ளி அகலம். ஆகவே வரிக்கு 280 புள்ளிகள். இவற்றை ஏறத்தாழ 39 மைக்ரோ வினாடியில் வரைந்தாக வேண்டும். வினாடிக்கு 71.6 இலட்சம் புள்ளிகள் என்று வருகிறது. ஒரு புள்ளி வெள்ளை, அடுத்தது கறுப்பு, மீண்டும் வெள்ளை என்று வரைந்தால் இரண்டு புள்ளிகள் சேர்ந்து ஓர் அலை ஆகும். அந்த அலையின் அதிர்வெண் 3.58 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க ஒளிபரப்பில் படத்துக்கென ஒதுக்கிய பட்டை அகலம் 4.2 மெகாஹெர்ட்ஸ் அளவுதான். பெட்டியின் மின்சுற்றுகளும் அதற்கேற்பவே அமைந்திருந்தன. 40 எழுத்துகள் மட்டுமட்டாக நுழைந்துவிடும். அலுவலகக் கடிதத்துக்கு வேண்டிய 80 எழுத்துகளைக் காட்ட முயன்றால் அதிர்வெண் இருமடங்காகி 7 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறது. அது பெட்டியின் வழியே செல்லாது. எழுத்துகள் ஒன்றோடொன்று இழைந்து சாம்பல் நிறக் கோடாகிவிடும். 40 எழுத்து, 80 எழுத்து என்று அக்கால விளம்பரங்கள் ஓயாமல் பேசியதன் காரணம் இதுதான். 80 எழுத்து வேண்டுமென்றால் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டுத் தனித் திரைக்கருவி வாங்க வேண்டும்.

3.58 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தற்செயலாக வந்ததன்று.

ஆப்பிளின் தந்திரம்

1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கான தரத்தை ஏற்றபோது ஒரு நெருக்கடி இருந்தது. மக்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பயனற்றுப் போகக்கூடாது. எனவே பழைய படச் சைகைக்குள்ளேயே நிறத்தை ஒளித்து வைத்தார்கள். 3.579545 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள துணை ஊர்தி அலை ஒன்றைச் சேர்த்தார்கள். அந்த அலையின் கட்டம் எந்த நிறம் என்பதைச் சொல்லும். வீச்சு அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும். கட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதே அலையின் சில சுற்றுகள் மாதிரியாக அனுப்பப்படும். அந்த விசித்திரமான எண்ணும் காரணத்தோடு தேர்ந்தெடுத்ததே. ஒலியின் ஊர்தி அலை 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருந்தது, அதை 286 ஆல் வகுத்து வரி அதிர்வெண்ணை 15,734 ஹெர்ட்ஸ் ஆக்கினார்கள், அதை 227.5 ஆல் பெருக்கினால் நமது எண் வந்துவிடும். முடிவில் உள்ள அந்த அரைதான் இதில் சூட்சுமம். அடுத்தடுத்த வரிகளில் அலையின் கட்டம் நேர் எதிராக மாறுவதால், கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அது கண்ணை உறுத்தும் கோடாகத் தெரிவதில்லை.

ஆப்பிள் 2-ஐ வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டார். முறைப்படி நிறம் உண்டாக்கும் மின்சுற்றுக்கு அன்று பணம் மிகுதியாகும். அவர் கணிப்பொறியின் தலைமைக் கடிகாரத்தை 14.31818 மெகாஹெர்ட்ஸில் அமைத்தார். அது துணை ஊர்தி அலையின் சரியாக நான்கு மடங்கு. புள்ளிகளின் வேகம் அதன் இருமடங்கு. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை எரியவிட்டால், வருவது 3.58 மெகாஹெர்ட்ஸ் அலை. அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளி வரிசை என்பது பெட்டிக்குத் தெரியாது. நிறச் சைகை என்றே எடுத்துக்கொள்ளும். இரட்டைப்படை இடத்துப் புள்ளிகள் ஊதாவாகவும் ஒற்றைப்படை இடத்துப் புள்ளிகள் பச்சையாகவும் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் எரிந்தால் வெள்ளை. ஒவ்வொரு பைட்டிலும் 7 புள்ளிகள் போக எஞ்சிய ஒரு பிட்டைக் கொண்டு புள்ளிகளை அரைப்புள்ளி தூரம் தள்ளிவைத்தால் கட்டம் கால் சுற்று மாறும். நீலமும் ஆரஞ்சும் கிடைக்கும். நிறத்துக்கென்று ஒரு சில்லுகூடத் தனியாக இல்லை!

ஒரு சிறு திருத்தம் மட்டும் தேவைப்பட்டது. தொலைக்காட்சித் தரப்படி வரிக்கு 227.5 சுற்றுகள் இருந்தால், ஒரு வரியில் ஊதாவாக இருந்த இடம் அடுத்த வரியில் பச்சையாகிவிடும். எனவே ஆப்பிளில் ஒரு வரியை 228 சுற்றுகளாக நீட்டினார்கள். வரி அதிர்வெண் 15,734-இலிருந்து 15,700 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. பெட்டிகள் இந்தச் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டன.

இயற்பியல் மாணவர்களுக்குக் கட்ட வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாமர்த்தியத்துக்கு விலை இருந்தது. நிறம் என்பது புள்ளியின் இடத்தைப் பொறுத்தது ஆகிவிட்டதால், ஊதாக் கோடு ஒன்றை ஒரு புள்ளி நகர்த்தினால் பச்சையாகிவிடும். படத்தின் மேல் எழுத்துகளை வரைந்தால் அவற்றின் ஓரங்களில் வேண்டாத நிறங்கள் படியும். அதே படத்தை ஒரு நிறத் திரைக்கருவியில் பார்த்தால் நிறம் எதுவும் இராது. மேலிருந்து கீழாகச் சீப்பின் பற்கள் போன்ற கோடுகள்தான் தெரியும். ஐரோப்பாவிலோ இந்தத் தந்திரமே பலிக்கவில்லை. அங்கு வழங்கிய பால் முறையில் நிறச் சைகையின் ஒரு கூறு ஒவ்வொரு வரிக்கும் தலைகீழாக்கப்படுகிறது. துணை ஊர்தி அலையும் 4.43 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஐரோப்பிய ஆப்பிளில் நிறம் வேண்டுமென்றால் தனி அட்டை ஒன்றை வாங்கிச் செருக வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லிவிடலாம். ஐ.பி.எம். கணிப்பொறியையும் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்க வழி வேண்டும் என்று அதன் பொறியாளர்கள் கருதினார்கள். அதற்கு 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று தேவை. அதை 4 ஆல் வகுத்தால் நிற அலை. அதையே 3 ஆல் வகுத்தால் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒரே படிகத்தில் இரண்டு வேலையும் முடிந்தன. இழந்த வேகம் நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. ஐ.பி.எம். தந்த வண்ண அட்டையிலும் விளையாட்டுகளை எழுதியவர்கள் ஆப்பிள் தந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தால் 16 நிறங்கள், ஐ.பி.எம். விற்ற விலைமிக்க வண்ணத் திரைக்கருவியில் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். விலை குறைந்த திரையில் படம் நன்றாக இருந்தது!

சட்டம் குறுக்கிட்டது

தொலைக்காட்சிப் பெட்டியில் அக்காலத்தில் நேரடியாகப் படச் சைகையைச் செலுத்தும் துளை பெரும்பாலும் இராது. ஏரியல் கம்பி செருகும் இடம் ஒன்றுதான் வழி. ஆகவே கணிப்பொறி ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக மாற வேண்டும். தன் படத்தை ஏதேனும் ஒரு சேனலின் ஊர்தி அலைமேல் ஏற்றி அனுப்ப வேண்டும். அவ்வாறு செய்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கோடு விழுமே என்று அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கடும் விதிகளை வைத்திருந்தது. ஆப்பிள் நிறுவனம் இதிலிருந்து எளிதாக நழுவிவிட்டது. ஊர்தி அலையில் ஏற்றும் கருவியை அது விற்கவில்லை. வேறொரு நிறுவனம் தனியாக விற்றது. விதி கணிப்பொறியைக் கட்டுப்படுத்தவில்லை.

1979-இல் வெளிவந்த அட்டாரி 400, 800 ஆகியவற்றில் தொலைக்காட்சி இணைப்பு உள்ளேயே இருந்தது. ஆகவே கதிர்வீச்சு வெளியே கசியாதபடி மின்சுற்றைக் கனத்த அலுமினிய வார்ப்புக்குள் அடைத்தார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வேறு வழியில் சென்றது. அதே ஆண்டு வந்த அதன் 99/4 கணிப்பொறி தனக்கென ஒரு வண்ணத் திரைக்கருவியோடு சேர்ந்தே விற்பனைக்கு வந்தது. விலை 1,150 டாலர். வீட்டுக் கணிப்பொறி என்று பெயர். விலையோ வீட்டாருக்கு எட்டாதது. விதிகள் தளர்ந்தபின், 1981-இல் வந்த 99/4ஏ திரைக்கருவி இல்லாமல் 525 டாலருக்கு விற்பனையாயிற்று. திரை என்பது அக்கால வீட்டுக் கணிப்பொறியின் விலையில் எவ்வளவு பெரிய பங்கு என்பதை இவ்விரண்டு எண்களும் காட்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியைப் பயன்படுத்த முடியுமா முடியாதா என்பதுதான் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணிப்பொறி கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானித்தது.

நினைவகம் என்னும் துணி

பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் விலையைக் குறைப்பதையே குறிக்கோளாகக் கொண்டார். 1980-இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ்.80 கணிப்பொறி 100 பவுனுக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. அதில் திரைக்கென்று தனிச் சில்லு இல்லை. கணக்கிடும் மூளையே ஒவ்வொரு புள்ளி வரிசையையும் உரிய நேரத்தில் தொலைக்காட்சிக்கு அனுப்ப வேண்டும். அது கணக்குப் போடத் தொடங்கினால் படம் அனுப்ப ஆளில்லை, திரை வெறுமையாகிவிடும். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினாலே படம் ஒரு துள்ளல் துள்ளும். அடுத்த ஆண்டு வந்த இசட்.எக்ஸ்.81-இல் இரண்டு முறைகள் வைத்தார்கள். 'ஸ்லோ' என்று கட்டளையிட்டால் படமும் தெரியும், கணக்கும் நடக்கும். ஆனால் மூளையின் நேரத்தில் பெரும்பகுதி படத்துக்கே போய்விடும். 'ஃபாஸ்ட்' என்றால் கணக்கு விரைவாக முடியும், அதுவரை திரை இருண்டிருக்கும். ஒரே ஆள் சமையலையும் பார்த்துப் பரிமாறலையும் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரம் இந்தக் குறையைப் போக்கியது. 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 6,144 பைட்டுகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 நிறங்களில் ஒன்றைத் தேர்வு செய்ய விட்டால் 24,576 பைட்டுகள் வேண்டும். அதன் மலிவு வகையில் இருந்த மொத்த நினைவகமே 16 கிலோபைட், அதாவது 16,384 பைட்டுகள்தான். அதனால் திரையை 8 புள்ளிக்கு 8 புள்ளி என்ற சதுரங்களாகப் பிரித்தார்கள். மொத்தம் 768 சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு ஒரு பைட்டு. அதில் எழுத்தின் நிறம் ஒன்று, பின்னணி நிறம் ஒன்று. ஆகக்கூடி 6,912 பைட்டுகளில் வண்ணப்படம். ஆனால் சிவப்பு வீரன் ஒருவன் பச்சை மரத்தருகே வந்தால், அதே சதுரத்தில் உள்ள மரமும் சிவப்பாகிவிடும். மரம் நிறம் மாறுவதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, எரிச்சல் அடைந்தவர்களும் உண்டு. விளையாட்டுகளை எழுதியவர்கள் இதற்காகவே பாத்திரங்களைப் பின்னணியின் நிறத்திலேயே வரைந்தார்கள்.

திரை முறைகள் என்பதன் பொருளை முழுமையாக விளக்குவது அதே காலத்து பி.பி.சி. மைக்ரோ. 1981 இறுதியில் ஏக்கான் நிறுவனம் தயாரித்து, பி.பி.சி.யின் கல்வி நிகழ்ச்சிகளோடு இணைந்து வந்த கணிப்பொறி அது. நம் நாட்டிலும் 1984-85-இல் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பெற்ற 'கிளாஸ்' திட்டத்தில் இதையே பயன்படுத்தினார்கள். இதன் பின்புறத்தில் திரைக்கென மூன்று துளைகள் உண்டு. ஒன்று தொலைக்காட்சியின் ஏரியல் துளைக்கு. ஒன்று கறுப்பு வெள்ளைத் திரைக்கருவிக்கு. மற்றொன்று சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் பெறும் வண்ணத் திரைக்கருவிக்கு. 0 முதல் 7 வரை எட்டுத் திரை முறைகள். 0-ஆம் முறையில் வரிக்கு 640 புள்ளிகள், 80 எழுத்துகள், இரண்டே நிறங்கள். 1-ஆம் முறையில் 320 புள்ளிகள், நான்கு நிறங்கள். 2-ஆம் முறையில் 160 புள்ளிகள், எட்டு நிறங்களும் அவற்றின் மின்னும் வடிவங்களுமாகப் பதினாறு. மூன்றுக்கும் செலவு ஒன்றே, 20 கிலோபைட். துணி ஒன்றுதான், அகலமாகத் தைப்பதா, பல வண்ணத்தில் தைப்பதா என்பதே தேர்வு.

துணியும் தாராளமானதன்று. பி வகைக் கணிப்பொறியில் இருந்தது 32 கிலோபைட். அதில் 20 திரைக்கும் மூன்றரை கணிப்பொறியின் சொந்தத் தேவைக்கும் போனால், நீங்கள் எழுதும் நிரலுக்கு எஞ்சுவது எட்டரை கிலோபைட். வட்டு இயக்கி பொருத்தினால் அதுவும் 6 கிலோபைட்டுக்குக் கீழே போய்விடும். நிரல் நன்றாக நீண்டுகொண்டே வரும்போது நினைவகம் தீர்ந்துவிட்டதென்று செய்தி வரும். திரை முறையை மாற்றி, புள்ளிகளைக் குறைத்து, மறுபடி முயல வேண்டும். விலை குறைந்த ஏ வகையில் 16 கிலோபைட்டே இருந்ததால் 4 முதல் 7 வரையுள்ள முறைகள்தான் இயங்கும். 7-ஆம் முறை மட்டும் தனி வகை. அதில் புள்ளிகளைச் சேமிப்பதில்லை. எழுத்துகளின் குறியீட்டு எண்களை மட்டும் சேமித்து, தொலைக்காட்சிச் செய்திப் பக்கங்களுக்கென முல்லார்டு நிறுவனம் தயாரித்த சில்லு ஒன்றிடம் எழுத்து வரையும் வேலையை ஒப்படைத்தார்கள். 40 எழுத்து, 25 வரி, மொத்தம் ஒரே ஒரு கிலோபைட். சாதாரணத் தொலைக்காட்சியில் மிகத் தெளிவாகத் தெரிந்ததும் இந்த முறைதான்.

1984-இல் டேவிட் பிரேபென், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர் எழுதிய 'எலைட்' விளையாட்டு, இந்த முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டது. திரையின் மேற்பகுதியில் விண்வெளி, கூர்மையான இருநிறக் கோடுகளில். கீழ்ப்பகுதியில் கருவிப் பலகை, நான்கு நிறங்களில். எலெக்ட்ரான் கற்றை குறிப்பிட்ட வரியை எட்டும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, அந்தக் கணத்தில் முறையை மாற்றினார்கள். வினாடிக்கு 50 முறை இந்த மாற்றம் நடந்தது. கற்றை எங்கே இருக்கிறது என்று அறிந்து எழுதும் நிரல் அது.

ஒரு முள் செய்த வேலை

1985-இல் அட்டாரி எஸ்.டி. வந்தபோது துணி 32,000 பைட்டாக வளர்ந்திருந்தது. 320க்கு 200 புள்ளிகள் 16 நிறங்களில். 640க்கு 200 புள்ளிகள் நான்கு நிறங்களில். 640க்கு 400 புள்ளிகள் கறுப்பு வெள்ளையில். பெருக்கிப் பாருங்கள், மூன்றுக்கும் சரியாக 32,000 பைட்டுகள் வரும். முதலிரண்டும் தொலைக்காட்சி வேகத்தில், ஏறத்தாழ 15.7 கிலோஹெர்ட்ஸில் ஓடின. மூன்றாவதோ 35.7 கிலோஹெர்ட்ஸில், வினாடிக்கு 71 முழுப்படங்களோடு ஓடியது. கண் கூசாத, காகிதம் போன்ற படம். ஆனால் அதற்கென்று செய்த கறுப்பு வெள்ளைத் திரைக்கருவியில் மட்டுமே அது தெரியும்.

எந்தத் திரைக்கருவி செருகியிருக்கிறது என்று கணிப்பொறி எப்படி அறிந்தது? 13 முள் கொண்ட செருகியில் ஒரு முள் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் கருவியின் வடத்தில் அந்த முள் நிலத்தோடு இணைந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வடத்தை மாற்றினால் கணிப்பொறி உடனே முதலிலிருந்து தொடங்கிவிடும். சேமிக்காத வேலை போயிற்று. இதைவிடப் பெரிய தொல்லை மென்பொருளில். விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை வண்ணத் திரையில்தான் ஓடின. இசையமைப்பு, பக்க வடிவமைப்பு ஆகியவற்றுக்கான நல்ல மென்பொருள்கள் சில கறுப்பு வெள்ளையில்தான் ஓடின. இரண்டும் வேண்டியவர் இரண்டு திரைக்கருவிகளை மேசையில் வைத்துக்கொண்டார். ஒரே கணிப்பொறிக்கு இரண்டு திரை வாங்க வைத்தது நல்ல வடிவமைப்பா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆயினும் குறைந்த விலையில் அவ்வளவு தெளிவான எழுத்து அன்று வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை.

புகைந்த திரைகள்

வேகம் பொருந்தாவிட்டால் படம் தெரியாமல் போவது சரி. கருவி ஏன் கெட வேண்டும்? இதற்கு விடை 12-ஆம் வகுப்பு இயற்பியலிலேயே இருக்கிறது. கற்றையைப் பக்கவாட்டில் இழுப்பது ஒரு கம்பிச்சுருளின் காந்தப்புலம். சுருளின் இரு முனைகளுக்கிடையே மாறா மின்னழுத்தம் தந்தால் மின்னோட்டம் நேரத்தோடு சீராக ஏறும். கற்றையும் சீராக நகரும். வரி முடிந்ததும் டிரான்சிஸ்டர் ஒன்று மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டிக்கிறது. அப்போது எழும் உயர் மின்னழுத்தத்தைத்தான் மின்மாற்றி பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திக் குழாய்க்குத் தருகிறது. அனைத்தும் ஒரு குறிப்பிட்ட வரி நேரத்துக்கென்றே பொருத்தி அமைத்தவை.

ஐ.பி.எம். தந்த பச்சை எழுத்துத் திரைக்கருவி 18.4 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. அதன் வண்ண அட்டையோ 15.7 கிலோஹெர்ட்ஸ். இரண்டுக்கும் ஒரே 9 முள் செருகி! யாரேனும் பச்சைத் திரையை வண்ண அட்டையில் செருகிவிட்டால், ஒரு வரியின் நேரம் 54 மைக்ரோ வினாடியிலிருந்து 64 ஆக நீள்கிறது. மின்னோட்டம் அதற்கேற்ப ஆறில் ஒரு பங்கு கூடுதலாக ஏறும். சுருளில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா? அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. டிரான்சிஸ்டரும் மின்மாற்றியும் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் கருகும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு இந்த ஆபத்து குறைவு. ஒளிபரப்பு நின்றாலும் அது ஓட வேண்டியிருப்பதால், அதனுள்ளே தன் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் அலையியற்றி ஒன்று உண்டு. ஐ.பி.எம். பச்சைத் திரையில் அது இல்லை. அட்டை சொன்ன வேகத்தில் அப்படியே ஓடியது. ஆகவே அட்டையிலுள்ள சில்லில் தவறான எண்களை எழுதும் நிரல்கூட அதற்கு ஆபத்துதான்.

1984-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த மேம்பட்ட வண்ண அட்டையில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருந்தது. படத்தைச் செங்குத்தாக ஒத்திசைக்கும் துடிப்பு நேர்மின்னாக வந்தால் 200 வரி, 15.7 கிலோஹெர்ட்ஸ், எதிர்மின்னாக வந்தால் 350 வரி, 21.8 கிலோஹெர்ட்ஸ். புதுக் கம்பி எதுவுமின்றித் திரைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. 1980களின் நடுவில் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 'மல்ட்டிசிங்க்' என்ற பெயரில், ஏறத்தாழ 15 முதல் 35 கிலோஹெர்ட்ஸ் வரை எந்த வேகத்தையும் தானே கண்டறிந்து பொருந்திக்கொள்ளும் திரைக்கருவியை விற்கத் தொடங்கியது. 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட வி.ஜி.ஏ. முறையில் வரி அதிர்வெண் 31,469 ஹெர்ட்ஸ். இதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த அதே வரி அதிர்வெண் வந்துவிடும்.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அந்தப் பழைய முறை ஒளிபரப்பை 2009 ஜூனில் நிறுத்திவிட்டன. ஆனால் 1990களில் எழுதிய கணிப்பொறி மின்மேலாண்மைத் தரம் ஒன்றில், நேரம் அளக்கும் எண்ணியின் வேகம் 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் ஓடும் கணிப்பொறி இருந்தால், அது தொடங்கும்போது பதியும் செய்திகளைத் திறந்து மெகாஹெர்ட்ஸ் என்ற சொல் வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். சில ஆண்டுகள் பழையதான கணிப்பொறி என்றால், பலவற்றில் 14.318180 என்ற எண் அகப்படும்.